கிரிக்கெட் வீடியோ கேமில் பேட்டிங் டைமிங் தவறுகிறதா? இந்த வரிசையில் சரிபாருங்கள்

மதுரை அரசரடி மைதானத்தில் டென்னிஸ் பந்தை வெளுத்து வாங்குகிற ஆளையும் கையில் கேம்பேடைக் கொடுத்து டிவி முன் உட்காரவைத்தால், மூன்றாவது பந்தில் போல்டு. உடனே "கன்ட்ரோலே சரியில்லப்பா" என்பார். பல வீடுகளில் அது உண்மைதான். ஆனால் கோளாறு கேமில் இருக்காது. டிவி, பேடு, செட்டிங் மூன்றில் ஏதோ ஒன்றில் இருக்கும்.

முதலில் பயிற்சிப் பகுதியில் 20 பந்து ஆடுங்கள். ஒவ்வொரு பந்துக்கும் சீக்கிரமா, லேட்டா என்று கேம் காட்டுவதைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாமே லேட் என்றால் கருவியில் தாமதம். இரண்டும் கலந்து வந்தால் விரலுக்குத்தான் பழக்கம் போதவில்லை. நேராக 5-ஆம் படிக்குப் போகலாம்.

படி 1: டிவி

வரும் படத்தை மெருகேற்றிய பிறகுதான் டிவி திரையில் காட்டும். சினிமாவுக்கு அது அழகு, கேமுக்கு எமன். இந்த வேலைக்கே சில டிவிகள் 100 மில்லி செகண்ட் வரை எடுத்துக்கொள்ளும். 140 கிலோமீட்டர் வேகப் பந்து அதற்குள் கிட்டத்தட்ட 4 மீட்டர் வந்துவிடும். நீங்கள் பார்த்து அடிப்பது பழைய பந்தை.

டிவியின் பிக்சர் செட்டிங்கில் 'கேம் மோடு' இருக்கும். சில டிவிகளில் ஜெனரல் பகுதியில் ஒளிந்திருக்கும். அதை ஆன் செய்யுங்கள். கேபிள் செருகியிருக்கும் எச்டிஎம்ஐ போர்ட்டுக்கு மட்டுமே அது பொருந்தும் டிவிகளும் உண்டு. கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றினால் மறுபடி பார்க்க வேண்டும். வைஃபை வழியாக லேப்டாப் திரையை டிவிக்கு அனுப்பி ஆடுவது வேண்டவே வேண்டாம், கேபிள் போடுங்கள்.

சரியானதா என்று பார்க்க, போனில் 240 ஃப்ரேம் ஸ்லோமோஷன் போதும். கட்டைவிரலும் திரையும் சேர்ந்து தெரிகிற மாதிரி வைத்து, மெனுவில் ஒரு பட்டனை அழுத்துங்கள். அழுத்திய ஃப்ரேமிலிருந்து மெனு நகரும் ஃப்ரேம் வரை எண்ணுங்கள். ஒரு ஃப்ரேம் சுமார் 4 மில்லி செகண்ட். பேடு, கேம் இவற்றின் தாமதமும் அதில் சேர்ந்தே வரும். அதனால் கேம் மோடுக்கு முன்பு ஒன்று, பின்பு ஒன்று எடுத்து ஒப்பிடுங்கள். குறைந்தது எவ்வளவோ, அவ்வளவும் டிவி தின்றுகொண்டிருந்த நேரம்.

படி 2: பேடு

டவுன்ஹால் ரோட்டில் கிடைக்கிற விலை குறைந்த யுஎஸ்பி பேடுகள் பலவற்றின் நடுவில் 'அனலாக்' என்று ஒரு பட்டன் இருக்கும். அதன் சிவப்பு விளக்கு எரியாவிட்டால் இடது ஸ்டிக் (கட்டைவிரலால் தள்ளும் குமிழ்) வெறும் அம்புக்குறி போல எட்டுத் திசையில்தான் வேலை செய்யும். வலது ஸ்டிக் ஷாட் பட்டன்களை அழுத்திவிடும். தானாக ஷாட் போகிறது என்ற புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்த விளக்கைத்தான்.

கம்ப்யூட்டர் பேடை எப்படிப் பார்க்கிறது என்று அறிய, விண்டோஸ் தேடல் பெட்டியில் 'செட் அப் யுஎஸ்பி கேம் கன்ட்ரோலர்ஸ்' திறந்து ப்ராப்பர்ட்டீஸ் போங்கள். கையை எடுத்த பிறகும் கூட்டல் குறி நடுவுக்கு வராமல் ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் அதுதான் ட்ரிஃப்ட். தூசியாலும் வரும், உள்ளே இருக்கும் கார்பன் தடம் தேய்ந்தும் வரும். பேடின் கேபிளைக் கழற்றிவைத்து, ஸ்டிக்கின் அடியில் 99% ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு விட்டு, சுற்றிச் சுற்றி அசைத்து, நன்றாகக் காயவிடுங்கள். கைக்குப் போடும் சானிடைசர் ஆகாது. தண்ணீரும் கிளிசரினும் கலந்தது. சுத்தம் செய்தும் சில வாரத்தில் திரும்பினால் தடம் தேய்ந்துவிட்டது, ஸ்டிக் மாட்யூலை மாற்ற வேண்டியதுதான். அடுத்த பேடு வாங்கும்போது 'ஹால் எஃபெக்ட்' ஸ்டிக் உள்ளதாகப் பாருங்கள். அது காந்தத்தால் இயங்குவது, உரசித் தேய ஒன்றுமில்லை.

படி 3: டெட் ஜோன்

ஸ்டிக்கை எவ்வளவு தள்ளிய பிறகு கேம் கவனிக்க வேண்டும் என்பதற்கான செட்டிங் அளவு இது. 0-வில் தொடங்கி, ட்ரிஃப்ட் நிற்கும்வரை ஒவ்வொன்றாகக் கூட்டி, அதற்கு மேல் 2 மட்டும் சேருங்கள். தாராளமாக 30 வைத்தால் மெல்லத் தள்ளுவது எதுவும் பதிவாகாது.

படி 4: கீபோர்டில் ஆடுகிறவர்களுக்கு

ஈஏ கிரிக்கெட் 07 கேமைப் பலர் இன்னும் கீபோர்டில்தான் ஆடுகிறார்கள். சாதாரண கீபோர்டில் சில மூன்று பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால் மூன்றாவது போய்ச் சேராது. இரண்டு அம்புக்குறியோடு ஷாட் பட்டன் வேலை செய்யவில்லை என்றால் காரணம் இதுவே. ஷாட்டை ஷிஃப்ட் அல்லது கன்ட்ரோல் பட்டனுக்கு மாற்றினால் பெரும்பாலும் தீரும். ஷிஃப்டை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் 'ஸ்டிக்கி கீஸ்' பெட்டி குறுக்கே வந்து நிற்கும். விண்டோஸ் அக்சஸிபிலிட்டியில் அந்த ஷார்ட்கட்டை அணைத்துவிடுங்கள்.

படி 5: விரல்

திசையையும் ஷாட்டையும் ஒரே நேரத்தில் அழுத்துவதுதான் புதியவர்கள் பெரும்பாலோர் செய்வது. பந்து பவுலர் கையை விட்டதும் திசை, தரையில் குத்திய பிறகு ஷாட். முதலில் டிஃபென்ஸ் மட்டும் ஆடிப் பழகுங்கள். அது பத்துக்கு எட்டு முறையாவது சரியாக விழும்வரை சிக்ஸர் பட்டன் பக்கம் போகாதீர்கள். சித்திரை வெயிலில் கை வியர்த்து ஸ்டிக் வழுக்கினால் அதற்கு ரப்பர் தொப்பி மாட்டுங்கள்.