விளையாட்டுக்காகக் கைப்பேசி வாங்குகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

இரண்டு கைப்பேசிகளில் எதை வாங்கலாம் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு விவரப் பட்டியல்களை அனுப்பிவிட்டுத்தான் கேட்கிறார்கள். ஒன்றில் சிப் வேகமானது, மற்றொன்றில் ரேம் அதிகம், விலை ஏறக்குறைய ஒன்றுதான். அந்தப் பட்டியலில் பொய் எதுவும் இருப்பதில்லை. ஆனால் அதிலுள்ள பெரிய எண்கள் பலவும் அந்தக் கைப்பேசி சிறிது நேரத்துக்கு எட்டக்கூடிய உச்சத்தைச் சொல்பவை. மே மாதப் பிற்பகலில், மின்விசிறிக்குக் கீழே அரை மணி நேரம் விளையாடிய பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதை எந்தப் பட்டியலும் சொல்வதில்லை. மாதத் தவணையில் வாங்கிக் கொடுக்கும் பெற்றோருக்கு இது சின்ன விஷயம் இல்லை. தவணை முடியும் முன்பே பிள்ளைக்குக் கைப்பேசி அலுத்துவிட்டால் அடுத்ததற்குப் பணம் எங்கிருந்து வரும்?

சிக்னலைக் கடைசியில் யோசிப்பது

என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். பெட்டியில் 5ஜி என்று அச்சிட்டிருந்தால் எந்த சிம்மைப் போட்டாலும் 5ஜி வரும் என்று பலர் நம்புகிறார்கள்.

இந்தியாவில் 5ஜி சேவை 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கியது. ஜியோவும் ஏர்டெல்லும் அதை வெவ்வேறு வழிகளில் கட்டின. ஜியோ 5ஜிக்கென்றே தனி மையக் கட்டமைப்பை அமைத்தது. இந்த முறைக்கு எஸ்ஏ என்று பெயர். ஏர்டெல் ஏற்கெனவே இருந்த 4ஜி கட்டமைப்பின் மீது 5ஜியை ஏற்றித் தொடங்கியது, அது என்எஸ்ஏ. வாங்குபவருக்கு இதனால் என்ன வந்தது என்பதற்கு 2024 நவம்பரில் வெளியான ரெட்மி ஏ4 5ஜி நல்ல சான்று. அது எஸ்ஏ முறையை மட்டுமே ஏற்கும். ஆகவே ஜியோ சிம்மில் 5ஜி கிடைத்தது. ஏர்டெல்லின் என்எஸ்ஏ வலையமைப்பில் அதே கைப்பேசி 4ஜியோடு நின்றுவிட்டது. விலை குறைந்த 5ஜி போன் என்று ஆசையோடு வாங்கிய ஏர்டெல் வாடிக்கையாளருக்குப் பெட்டியில் இருந்த அந்தச் சொல்லால் பயனில்லாமல் போயிற்று.

அடுத்துப் பார்க்க வேண்டியது பேண்ட், அதாவது சிக்னல் வரும் அலைவரிசை. ஜியோ தன் 5ஜிக்கு 700 மெகாஹெர்ட்ஸ், 3300 மெகாஹெர்ட்ஸ் இரண்டையும் பயன்படுத்துகிறது. பட்டியலில் இவை என்28, என்78 என்று இருக்கும். 3300 வேகமானது, ஆனால் சுவர்களைத் தாண்டுவதில் பலவீனமானது. 700 வேகத்தில் குறைவு, ஆனால் தொலைவு போகும், கட்டடத்துக்குள்ளும் நுழையும். கான்கிரீட் வீட்டின் உள்ளறையில் உட்கார்ந்து விளையாடும் ஜியோ வாடிக்கையாளருக்கு என்28 இல்லாத கைப்பேசி பாதி 5ஜிதான். ஏர்டெல்லின் 5ஜிக்கு முதன்மையானது என்78. பிஎஸ்என்எல் தன் 4ஜியை 700, 2100 மெகாஹெர்ட்ஸ்களில் தருகிறது. எனவே அந்த சிம்மை வைத்திருப்பவர்கள் 4ஜி பட்டியலில் 28, 1 ஆகிய இரண்டு பேண்டுகளும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இந்த விவரம் கடைப் பலகையில் இருக்காது. நிறுவனத்தின் இணையதளத்தில், அந்த மாடலின் இந்தியப் பதிப்புக்கான பக்கத்தின் அடியில் இருக்கும்.

பேண்ட் இருந்தும் சேவை கிடைக்காமல் போவதும் உண்டு. 5ஜி தொடங்கிய நாளில் ஐஃபோன் 12, 13, 14 வரிசைகளில் அதற்கான வன்பொருள் இருந்தது. ஆனால் ஆப்பிள் 2022 டிசம்பரில் ஐஓஎஸ் 16.2 பதிப்பை வெளியிட்ட பிறகுதான் இந்தியப் பயனர்கள் அனைவருக்கும் அது இயங்கியது. ஆகவே ‘பின்னால் அப்டேட்டில் வரும்’ என்று கடையில் யாராவது சொன்னால், அது வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

வேகச் சோதனையில் 400, 500 எம்பிபிஎஸ் காட்டுவதைப் பார்த்து மகிழ்வதும் தவறான அளவுகோல். பிஜிஎம்ஐ போன்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டு அனுப்பிப் பெறும் தரவு மிகக் குறைவு. அதற்கு வேண்டியது, நீங்கள் சுட்ட குண்டு சர்வரைச் சேர்ந்து பதில் திரும்புவதற்கு ஆகும் நேரம் குறைவாகவும் ஒரே சீராகவும் இருப்பது. அந்த நேரத்தைத்தான் பிங் என்கிறோம். 40 மில்லி நொடியில் சீராக நிற்கும் 4ஜி, 25க்கும் 200க்கும் இடையே துள்ளும் 5ஜியைவிட விளையாட்டுக்கு நல்லது. சோதித்துப் பார்ப்பதும் கடினமில்லை. வேறு நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் நண்பரை இரவு 9 மணிக்கு வீட்டுக்கு அழையுங்கள். நீங்கள் வழக்கமாக விளையாடும் அதே மூலையில் உட்கார்ந்து, அவர் கைப்பேசியில் ஒரு முழு ஆட்டம் விளையாடி, திரையில் தெரியும் பிங்கைக் கவனியுங்கள். அண்டை வீட்டாரெல்லாம் படம் பார்க்கும் அந்த நேரத்தில் தாக்குப்பிடிக்கும் நிறுவனம் எது என்று தெரிந்துகொண்டு, அதற்குப் பொருந்தும் கைப்பேசியைத் தேடுவதுதான் சரியான வரிசை. தொலைபேசி நிறுவனங்கள் தங்கள் இணையதளங்களில் சேவைப் பரப்பு வரைபடங்களை வெளியிடுகின்றன. ஊரில் சிக்னல் இருக்கிறதா என்று அறிய அவை உதவும். உங்கள் அறையில் இருக்கிறதா என்று சொல்லாது.

இரண்டு சிம் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பெரும்பாலான கைப்பேசிகளில் முதல் சிம்மில் அழைப்பு பேசும்போது இரண்டாவது சிம்மின் இணையம் நின்றுவிடும். சில மாடல்களில் அழைப்பின்போது இணையத்தையும் அழைப்பில் இருக்கும் சிம்முக்கே மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு. விளையாடும்போது அம்மாவின் அழைப்பை எடுத்ததும் ஆட்டம் துண்டிக்கப்படுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான், சிப் இல்லை.

சூட்டைக் கணக்கில் சேர்க்காதது

அன்டுடு, கீக்பெஞ்ச் போன்ற வேகச் சோதனைச் செயலிகள் தரும் மதிப்பெண்களை ஒப்பிட்டு வாங்குவது இளைஞர்களிடம் ஊறிப்போன பழக்கம். அந்தச் சோதனைகள் சில நிமிடங்களில் முடிந்துவிடும். கைப்பேசி சூடாவது அதற்குப் பிறகுதான். சூடு ஏறினால் சிப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், திரையின் வெளிச்சமும் மங்கும். 

மதிப்பெண்ணை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு 2022இல் பெரிய சான்று கிடைத்தது. சாம்சங் கைப்பேசிகளில் இருந்த ஜிஓஎஸ் என்ற மென்பொருள் விளையாட்டுகளையும் பல செயலிகளையும் மெதுவாக்கியது. கீக்பெஞ்ச் போன்ற சோதனைச் செயலிகளை மட்டும் தொடாமல் விட்டது. இது வெளியானதும் கீக்பெஞ்ச் அந்த ஆண்டு மார்ச்சில் கேலக்ஸி எஸ்10 முதல் எஸ்22 வரையிலான வரிசைகளைத் தன் தரவரிசையிலிருந்து நீக்கியது. சாம்சங் அதன்பின் அப்டேட் மூலம் பயனருக்கே தேர்வு கொடுத்தது. விலையின் உச்சியில் இருக்கும் கைப்பேசிக்கே இந்த நிலை என்றால், இருபதாயிரம் ரூபாய்க் கைப்பேசியின் மதிப்பெண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

புதிய சிப் என்றால் குளிர்ச்சியாக இருக்கும் என்பதும் உறுதியில்லை. ஸ்னாப்டிராகன் 8 ஜென் 1 சூட்டுக்குப் பெயர்போனது. 2022இல் தயாரிப்பை சாம்சங்கிடமிருந்து தைவானின் டிஎஸ்எம்சி நிறுவனத்துக்கு மாற்றி வெளியிட்ட 8+ ஜென் 1 கணிசமாகத் தேறியது. பெயரில் ஒரு கூட்டல் குறிதான் வேறுபாடு.

பார்க்க வேண்டிய சோதனை வேறு. 3டிமார்க் செயலியின் வைல்டு லைஃப் ஸ்ட்ரெஸ் டெஸ்ட், ஒரே காட்சியை 20 முறை, ஏறக்குறைய 20 நிமிடங்கள் ஓட்டுகிறது. முடிவில், மிக வேகமான சுற்றின் மதிப்பெண்ணில் மிக மெதுவான சுற்று எத்தனை சதவீதம் என்று காட்டும். இதுதான் நிலைப்புச் சதவீதம். உச்ச மதிப்பெண் கொஞ்சம் குறைந்தாலும் நிலைப்புச் சதவீதம் உயர்ந்த கைப்பேசியைத்தான் நான் எடுப்பேன். யூடியூப் விமர்சனம் பார்க்கும்போது, சோதித்தவர் குளிரூட்டிய அறையில் இருந்தாரா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆப்பிள் தன் ஐஃபோன்களை 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது. சென்னையிலும் வேலூரிலும் திருச்சியிலும் கோடையில் நிழலே அதைத் தாண்டிவிடும்.

சார்ஜ் ஏற்றிக்கொண்டே விளையாடுபவர்கள், மின்சாரத்தை பேட்டரிக்கு அனுப்பாமல் நேரே கைப்பேசியை இயக்கும் பைபாஸ் சார்ஜிங் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். விளையாடும்போது தடித்த ரப்பர் உறையைக் கழற்றிவிடுங்கள்.

திரையின் எண்ணை விளையாட்டின் எண்ணாக நினைப்பது

நொடிக்கு 120 முறை படத்தைப் புதுப்பிக்கும் 120 ஹெர்ட்ஸ் திரை என்றால் ஆட்டமும் நொடிக்கு 120 பிரேம் ஓடும் என்று பொருளில்லை. பிஜிஎம்ஐயில் 90, 120 பிரேம் தேர்வுகள் குறிப்பிட்ட மாடல்களுக்கு மட்டுமே திறக்கப்படுகின்றன. அதே மாடல் வைத்திருக்கும் ஒருவரிடம் கிராஃபிக்ஸ் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்வதைவிட நம்பகமான வழி இல்லை.

விலை குறைந்த பல கைப்பேசிகளில், சாய்வை உணரும் உண்மையான கைரோஸ்கோப் சென்சார் இருப்பதில்லை. வேறு சென்சார்களைக் கொண்டு கணக்கிட்டு ஒப்பேற்றும் மெய்நிகர் கைரோவே இருக்கும். கைப்பேசியைச் சாய்த்துக் குறி பார்ப்பவர்களுக்கு அது தடுமாற்றத்தைத் தரும். 8+8 ஜிபி ரேம் என்ற விளம்பரத்தில் இரண்டாவது எட்டு, சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்கியது. உண்மையான ரேமின் வேகம் அதற்குக் கிடையாது. அதற்காகக் கூடுதல் பணம் தருவதைவிட அதிக சேமிப்பகம் உள்ள கைப்பேசியை வாங்கலாம். கென்ஷின் இம்பாக்ட் போன்ற ஒரே விளையாட்டு இருபது ஜிபிக்கு மேல் விழுங்கும்.

கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்குவது

விளையாட்டு ஒரு நாளில் ஒரு மணி நேரம் என்றால், மீதி நேரம் பேசவும், தட்டச்சு செய்யவும், காய்கறிக் கடையில் க்யூஆர் குறியை ஸ்கேன் செய்யவும் அதே கைப்பேசிதான். 200 கிராமைத் தாண்டிய எடை கடையில் தெரியாது. படுத்துக்கொண்டு பிடித்தால் மணிக்கட்டுக்குத் தெரியும். மாதிரிக் கைப்பேசியை வெயிலுக்குக் கொண்டுபோய்த் திரையைப் பாருங்கள். ஈர விரலால் திறக்க முயலுங்கள். அமைப்புகளில் மொழியைத் தமிழுக்கு மாற்றி, எழுத்தளவைப் பெரிதாக்கிப் பாருங்கள். சில இடைமுகங்களில் நீளமான தமிழ்ச் சொற்கள் பொத்தானுக்குள் வெட்டுப்பட்டு நிற்கும். அப்பா, அம்மாவுக்கும் சேர்த்து வாங்குபவர்கள் இதை அவசியம் செய்ய வேண்டும். பூட்டுத் திரையிலேயே விளம்பரம் வருகிறதா, அதை நிறுத்த வழியுண்டா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம். இத்தனையும் செய்யும்போது அருகில் நிற்பவர் கடை ஊழியரா, ஒரு குறிப்பிட்ட பிராண்டு நிறுத்திவைத்த ஊழியரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவர் பரிந்துரையின் எடை அதைப் பொறுத்தது.

மென்பொருள் ஆதரவின் காலத்தையும் எண்ணிப் பாருங்கள். கூகுள் பிக்சல் 8 முதலும், சாம்சங் கேலக்ஸி எஸ்24 முதலும் ஏழு ஆண்டு அப்டேட் தருவதாக அறிவித்தன. நடுத்தர விலையில் அது பெரும்பாலும் குறையும்; மாடலுக்கு மாடல் மாறும்.

வளைகுடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ உறவினர் வாங்கி வரும் கைப்பேசிக்கும் இதே கவனம் தேவை. அமெரிக்காவில் விற்கும் ஐஃபோன்களில் 14ஆம் வரிசை முதல் சிம் செருகும் இடமே இல்லை, கைப்பேசிக்குள்ளேயே பதித்த இ-சிம் மட்டும்தான். ஐஃபோன் 17 வரிசையில் வளைகுடா நாடுகளின் பதிப்பும் அப்படி ஆகிவிட்டது. கைப்பேசி வந்து சேர்ந்த பிறகு இங்கே சிம்மை வைத்துக்கொண்டு இடம் தேடுவதைவிட, வாங்குவதற்கு முன் அங்கிருந்தே மாடல் எண்ணை அனுப்பச் சொல்லி, பேண்ட் பட்டியலோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் பார்த்த பிறகும் இரண்டு கைப்பேசிகள் சமமாக நின்றால், உங்கள் ஊரிலேயே சேவை மையம் உள்ள பிராண்டை எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கிய முதல் வாரத்தில், மாற்றித் தரும் கெடு முடிவதற்குள், வீட்டின் உள்ளறையில் அழைப்பும் ஒரு நீண்ட ஆட்டமும் கட்டாயம் சோதித்துவிடுங்கள். இணையக் கடைகள் பலவற்றில் அந்தக் கெடு ஏழு நாட்கள்தான். அதிலும் பெரும்பாலும் அதே மாடலைத்தான் மாற்றித் தருவார்கள், பணம் திரும்பாது.