காலுக்கு இழுக்குற நரம்பு வலி: வீட்ல தயவுசெஞ்சு இதெல்லாம் பண்ணாதீங்க

குனிஞ்சு வெயிட் தூக்கக்கூடாது, கூன் போட்டு உக்காரக்கூடாது, இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், விட்டுடறேன். நான் பிசியோ. இடுப்புல ஆரம்பிச்சு கால் வரைக்கும் இழுக்குதுன்னு வர்றவங்க, எனக்கு அந்த வலி வந்தப்ப நான் என்னென்ன பண்ணேனோ அதையே பண்ணிட்டு வர்றாங்க, அதான் எழுதறேன்.

காலை இழுத்து ஸ்ட்ரெச் பண்றது

இது எனக்கு இன்னைக்கும் ஆத்திரம் வர்ற விஷயம். தொடைக்குப் பின்னாடி கயிறு கட்டி இழுக்குற மாதிரி இருக்கும், உடனே தசை டைட்டாயிடுச்சுன்னு முடிவு பண்ணி, மல்லாக்கப் படுத்து உள்ளங்கால்ல துண்டை மாட்டி முட்டியை மடக்காம காலை இழுப்பாங்க. அங்க இழுக்கறது பெரும்பாலும் தசை இல்லைங்க, நரம்பு. இடுப்புல முதுகெலும்புகளுக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்குற டிஸ்க், எல்4-எல்5 இல்லன்னா எல்5-எஸ்1னு சொல்ற கீழ் எலும்புகளுக்கு நடுவுல இருக்கறது, பிதுங்கி நரம்பு வேரை அழுத்தி அது ஏற்கனவே வீங்கிக் கிடக்கு, அதைப் போய் இழுத்தா? நரம்பு மாட்டியிருக்கான்னு நாங்க செக் பண்றதே காலை நேரா தூக்கிப் பாத்துதான், 30லேருந்து 70 டிகிரிக்குள்ள முட்டிக்குக் கீழ சுரீர்னு ஓடுச்சுன்னா நரம்புன்னு சந்தேகப்படுவோம். வலியை வரவெச்சுப் பாக்கற அந்த டெஸ்டைத்தான் இவங்க தினமும் எக்சர்சைஸ்னு பண்றாங்க!

ஒருத்தருக்கு வலி பிட்டத்தோட நின்னுட்டிருந்துச்சு, காலைல எழுந்ததும் குனிஞ்சு கால் விரலைத் தொட்டுத் தொட்டு, சுண்டுவிரல் வரைக்கும் மரத்துப் போய் வந்தார். ஏன் விடலன்னு கேட்டா, "பண்ணி முடிச்சதும் கொஞ்ச நேரம் லேசா இருக்கும் சார்"ங்கறார். அந்த கொஞ்ச நேரம்தான் எல்லாரையும் ஏமாத்துது. அதுவும் காலைல, ராத்திரி பூரா படுத்ததுல டிஸ்க் தண்ணி உறிஞ்சி உப்பியிருக்கும், எழுந்து முதல் ஒரு மணி நேரம் குனியற வேலையே வேண்டாம்.

எது பண்ணாலும் வலி எந்தப் பக்கம் நகருதுன்னு கவனிங்க. கால்லேருந்து மேல ஏறி இடுப்புல ஒதுங்குச்சுன்னா, இடுப்பு முன்னைவிட கொஞ்சம் அதிகமா வலிச்சாலும் நல்லதுதான். கீழ இறங்குச்சுன்னா அப்பவே நிறுத்துங்க.

நாள் கணக்கா படுத்தே கிடக்கறது

ஒண்ணு ரெண்டு நாள் போதும். அப்புறம் வீட்டுக்குள்ளயே அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமா நடங்க.

மரத்துப்போன இடத்துல சூடு ஒத்தடம்

சூடு தெரியாது, தோல் வெந்துடும்.

ரெண்டு வலி மாத்திரையை சேத்துப் போடறது

ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் ரெண்டும் ஒரே வகை. சேத்துப் போட்டா வயித்துப் புண்ணும் கிட்னி பிரச்சனையும்தான் கூடும். பிபி, கிட்னி, அல்சர் இருக்கறவங்க டாக்டரைக் கேக்காம ஒண்ணு கூட போடாதீங்க.

ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பாத்து ஒடிஞ்சு போறது

வலியே இல்லாத எத்தனையோ பேருக்கு ஸ்கேன்ல டிஸ்க் பல்ஜ் தெரியும். நிறைய பேருக்கு 6லேருந்து 12 வாரத்துல ஆபரேஷன் இல்லாமயே நல்லா குறைஞ்சிடுது.

போகவேண்டிய நேரத்துல வீட்லயே இருக்கறது

யூரின் வரமாட்டேங்குது இல்ல தெரியாமயே போகுது, மோஷன் அடக்க முடியல, உள்தொடை, பிறப்புறுப்பு, ஆசனவாயைச் சுத்தி உணர்வு இல்ல, ரெண்டு காலும் பலம் குறையுது, இதுல எது வந்தாலும் விடியட்டும்னு காத்திருக்காம எமர்ஜென்சிக்குப் போயிடுங்க. பாதத்தைத் தூக்க முடியாம செருப்பு தரையில உரசுச்சுன்னா அன்னைக்கே டாக்டர்ட்ட காட்டுங்க.