தடுப்பூசிப் பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள்

மலேசிய அரசின் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் பிள்ளைக்கு எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா) ஊசி போட்டதும், கார் சாவியைத் தேடுவதற்கு முன் பிள்ளையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தின் தடுப்பூசிப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள். தேதியும் முத்திரையும் தெளிவாகத் தெரியட்டும். அப்புறம் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டு வையுங்கள்.

9, 12 மாதங்களில் இரண்டு தவணை முடிந்தால், அடுத்த தட்டம்மை–ரூபெல்லா ஊசி 7 வயதில், பள்ளியின் முதலாம் ஆண்டில்தான். கோலாலம்பூரில் வாடகை வீடு மாறுகிறவர்கள் அதற்குள் முதலில் தொலைப்பது இந்தப் புத்தகத்தைத்தான்! பிற்காலத்தில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் இரண்டு தவணைக்கும் சான்று கேட்டால், கையில் எதுவும் இல்லாதவர் காசு கொடுத்து இரத்தப் பரிசோதனை செய்யவோ மறுபடி ஊசி போடவோ வேண்டிவரும்.

அசல் புத்தகமே வேண்டும் என்கிற இடத்தில் படம் செல்லாது. சரி, போட்ட கிளினிக்கில் பழைய பதிவைத் தேடச் சொல்லத் தேதியாவது கையில் இருக்கும்.