மூச்சு நிற்கும் நேரத்தில் பக்கத்தில் யார்? ஓவர்டோஸ் தடுப்புத் திட்டத்தை நடத்தும் முறை

ஹெராயின், ஃபெண்டானில், மார்ஃபின், ஓபியாய்டு (அபின் வகை) வலிநிவாரணி மாத்திரை என எது அளவு மீறினாலும் உயிரைப் பறிப்பது மூச்சு நின்றுபோவதுதான். மூளையில் மூச்சை இயக்கும் பகுதி மந்தமாகிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, கடைசியில் இதயம் நிற்கிறது. ஹெராயினில் இது ஒரு மணி நேரத்துக்கு மேலும் இழுக்கலாம். ஃபெண்டானிலில் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அந்த நேரத்தில் பக்கத்தில் டாக்டர் இருப்பது அபூர்வம். நண்பரோ, மனைவியோ, அம்மாவோ, அறைத்தோழரோதான் இருப்பார். திட்டத்தின் ஒவ்வொரு செலவையும் ஒரே கேள்வியில் உரசிப் பாருங்கள்: இது அந்த ஆளின் கைக்கு எதையாவது கொண்டுபோய்ச் சேர்க்கிறதா?

முதலில் கணக்கு

முதல் மாதம் இறப்புப் பதிவுகளோடு உட்காருங்கள். நோய்களுக்கும் இறப்புக் காரணங்களுக்குமான உலகக் குறியீட்டு முறையான ஐசிடி-10இல் தற்செயலான நச்சேற்றம் எக்ஸ்40 முதல் எக்ஸ்44 வரை. தற்கொலை எக்ஸ்60 முதல் எக்ஸ்64 வரை. நோக்கம் தெரியாதவை ஒய்10 முதல் ஒய்14 வரை. என்ன பொருள் என்பதை டி40 வரிசை சொல்லும்: டி40.1 ஹெராயின், டி40.3 மெத்தடோன் (சிகிச்சையிலும் தரும் ஓபியாய்டு), டி40.4 ஃபெண்டானில் போன்ற செயற்கை ஓபியாய்டுகள். சான்றிதழில் "மூச்சுத்திணறல்" என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த மரணம் உங்கள் கணக்குக்கே வராது. "மருந்து நச்சேற்றம்" என்று மட்டும் இருந்தால் மரணம் வரும், பொருள் எதுவென்று தெரியாது. பிரேதப் பரிசோதனை செய்பவர்களிடம் நேரில் போய், கண்டறிந்த ஒவ்வொரு பொருளின் பெயரையும் சான்றிதழில் எழுதும்படி கேளுங்கள். காசு செலவில்லாத வேலை, பலன் பல வருடங்களுக்கு நிற்கும்.

ரசாயனப் பரிசோதனை முடிவு வர வாரங்களோ மாதங்களோ ஆகும். அதுவரை ஆம்புலன்ஸ் பதிவும் அவசர சிகிச்சைப் பிரிவின் வருகைப் பதிவும்தான் உங்கள் கண்கள். மரணங்கள் 20க்குக் கீழ் இருந்தால் விகிதம் கணக்கிடாதீர்கள். ஒன்றிரண்டு கூடினாலே தலைகீழாக மாறிவிடும். மூன்று வருடங்களைச் சேர்த்துப் பாருங்கள். பத்துக்குக் குறைவான எண்ணிக்கையைத் தெரு வாரியாக, வயது வாரியாகப் பிரித்து வெளியிட்டால் இறந்தவர் யாரென்று ஊருக்குத் தெரிந்துவிடும். அந்தக் குடும்பத்துக்கு அதற்கு மேல் ஒரு காயம் வேண்டாம்.

யாரோடு வேலை செய்வது

போதைப்பொருள் பயன்படுத்துகிறவர்களும் பயன்படுத்தியவர்களும் குழுவில் இருக்க வேண்டும். ஆலோசனைக் கூட்டத்தில் ஒரு நாற்காலி போட்டால் போதாது, சம்பளப் பட்டியலில் பேர் இருக்க வேண்டும். எந்த வீட்டில் தனியாக ஊசி போடுகிறார்கள், எந்தக் கழிப்பறையில் விழுகிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களைத் தவிர நான்கு பேர் அவசியம்: மருந்துச் சீட்டுக்கும் நிலையான உத்தரவுக்கும் (தனித்தனிச் சீட்டு இல்லாமலே மருந்து கொடுக்க அனுமதி) கையெழுத்திடும் மருத்துவர், இருப்புக் கணக்கு பார்ப்பவர், தரவு பார்ப்பவர், காவல்துறையோடு பேசுபவர். கடைசி ஆளைத் தள்ளிப்போடாதீர்கள். நீங்கள் காலையில் கொடுத்த, ஓவர்டோஸை முறிக்கும் நலோக்சோன் மருந்துப் பையை மாலையில் சோதனையில் பிடுங்கினால் திட்டம் அன்றே படுத்துவிடும்.

பேச்சையும் திருத்த வேண்டியிருக்கும். "போதை அடிமை" என்ற சொல் துண்டறிக்கையில் இருந்தால், படிக்க வேண்டியவர் அதைக் கையிலேயே வாங்க மாட்டார். "போதைப்பொருள் பயன்படுத்துபவர்" என்று எழுதுங்கள்.

நலோக்சோன்: பை, பயிற்சி, மறுநிரப்பு

நலோக்சோன், ஓபியாய்டை மூளையில் அது ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகளிலிருந்து தள்ளிவிட்டு மூச்சைத் திருப்பிக் கொண்டுவரும் மருந்து. போதை தராது. ஓபியாய்டு எடுக்காதவருக்குத் தவறிக் கொடுத்தாலும் கெடுதல் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2014 முதல், ஓவர்டோஸை நேரில் காண வாய்ப்புள்ள பொதுமக்கள் கையிலும் இதைக் கொடுக்கப் பரிந்துரைக்கிறது.

ஊசி வகைப் பையில் 0.4 மி.கி. மருந்து இரண்டு, தசையில் போடும் ஊசி இரண்டு, கையுறை, மூச்சு கொடுக்க முகத்திரை, படம் போட்ட அட்டை இருக்க வேண்டும். ஊசிமுனை 1 முதல் 1½ அங்குலம். விலை குறைவு என்று இன்சுலின் ஊசி வாங்கி வைப்பார்கள். அது தசை வரை எட்டாது, மருந்து மெதுவாகவே ஏறும். கண்ணாடி ஆம்பூலாக இருந்தால் பஞ்சு சுற்றி வையுங்கள். மூக்கு ஸ்ப்ரே 4 மி.கி. வகையில் ஒரு குப்பியில் ஒரே ஒரு டோஸ்தான். "வேலை செய்கிறதா" என்று காற்றில் ஒருமுறை அழுத்திப் பார்த்தால் முழு மருந்தும் போச்சு. பயிற்சியில் இதை வாயால் சொன்னால் பாதிப் பேர் மறந்துவிடுவார்கள். காலாவதியான குப்பி ஒன்றை அவர்கள் கையால் அழுத்தவிட்டு, இரண்டாவது முறை அழுத்தினால் ஒன்றும் வராததைக் காட்டுங்கள்.

பயிற்சிக்கு 15 நிமிடம் போதும். அரை நாள் வகுப்பு வைத்தால் தேவைப்படுகிறவர் வரமாட்டார், சான்றிதழ் வேண்டியவர்தான் வருவார். கற்றுக்கொடுக்க வேண்டியது இவ்வளவே:

1. பேர் சொல்லிக் கூப்பிட்டு, நெஞ்செலும்பின் மேல் முஷ்டியால் அழுத்தித் தேய்க்கவும். அசைவில்லை, மூச்சு மெதுவாக இருக்கிறது அல்லது கரகரக்கிறது, உதடும் நகமும் நீலம் அல்லது சாம்பல், கண்மணி ஊசிமுனை போல: இது ஓவர்டோஸ்.
2. ஆம்புலன்ஸைக் கூப்பிடவும். "மூச்சு இல்லை" என்று சொன்னால் போதும்.
3. நலோக்சோன் ஒரு டோஸ்: தொடையிலோ தோளிலோ ஊசி, அல்லது ஒரு மூக்குத்துளையில் ஸ்ப்ரே.
4. தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பொத்தி, 5 நொடிக்கு ஒரு மூச்சு வாய்வழியாகக் கொடுக்கவும்.
5. 2 முதல் 3 நிமிடத்தில் மூச்சு திரும்பாவிட்டால் இரண்டாவது டோஸ். மூச்சு வந்ததும் ஒருக்களித்துப் படுக்க வைக்கவும்.

நான்காவது படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மருந்து வேலை செய்யும்வரை மூளைக்குத் தேவைப்படுவது ஆக்சிஜன். அதைக் கொடுப்பது உங்கள் மூச்சு. தூக்க மாத்திரை, மது, சைலசின் (விலங்குகளுக்கான மயக்கமருந்து) கலந்திருந்தால் நலோக்சோன் ஓபியாய்டின் பங்கை மட்டும் எடுக்கும். ஆள் கண் திறக்காவிட்டாலும் மூச்சு சீராக வந்தாலே வெற்றி. கண் விழிக்கவில்லையே என்று டோஸ் மேல் டோஸ் ஏற்றினால் வாந்தியும் உடல்வலியும் ஆத்திரமுமாக எழுந்து, உடனே மறுபடி போதைப்பொருளைத் தேடிப் போவார். நலோக்சோன் 30 முதல் 90 நிமிடம்தான் நிற்கும். மெத்தடோன் போன்றவை அதையும் தாண்டி நிற்கும். குறைந்தது இரண்டு மணி நேரம் கூடவே இருக்கச் சொல்லுங்கள்.

எவ்வளவு வாங்குவது? மாசசூசெட்ஸின் 19 ஊர்களில் நடந்து 2013இல் வெளியான ஆய்வு ஒரு அளவுகோல் தருகிறது. ஒரு லட்சம் பேருக்கு 1 முதல் 100 பேர் வரை நலோக்சோன் திட்டத்தில் சேர்ந்த இடங்களில், ஒருவரும் சேராத இடங்களைவிட ஓபியாய்டு ஓவர்டோஸ் இறப்பு விகிதம் 27 சதவீதம் குறைவு. 100க்கு மேல் சேர்ந்த இடங்களில் 46 சதவீதம் குறைவு. மூன்று லட்சம் பேர் உள்ள பகுதி என்றால் 300க்கு மேற்பட்டவர்களை இலக்கு வையுங்கள். ஆளுக்கு 2 டோஸ் வீதம் 600, மறுநிரப்புக்கு இன்னும் 200. எந்தக் கொள்முதலிலும் காலாவதித் தேதியை முதலில் பாருங்கள்.

மறுநிரப்புப் பதிவேடுதான் திட்டத்தின் நாடி. புதுப் பை கேட்டு வருபவரிடம் ஒரே கேள்வி: பழையது என்ன ஆச்சு? நான்கு கட்டம் போதும்: பயன்படுத்தினேன், தொலைந்தது, வேறொருவருக்குக் கொடுத்தேன், பிடுங்கினார்கள். பயன்படுத்தியிருந்தால் எத்தனை டோஸ், ஆள் பிழைத்தாரா, எந்தப் பகுதி என்று கேளுங்கள். பெயர் வேண்டாம். "பிடுங்கினார்கள்" கட்டம் நிரம்பினால் காவல்துறையோடு பேசுபவருக்கு அந்த வாரமே வேலை இருக்கிறது. "கொடுத்தேன்" நிரம்பினால் மகிழுங்கள், மருந்து உங்களால் எட்ட முடியாத வீட்டுக்குப் போயிருக்கிறது.

ஆபத்து கூடும் வாசல்கள்

சிறையிலிருந்து வெளிவந்த முதல் இரண்டு வாரங்களைப் போல ஆபத்தானது வேறில்லை. வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானவர்களைப் பின்தொடர்ந்து 2007இல் வெளியான ஆய்வில், அந்த இரண்டு வாரங்களில் ஓவர்டோஸால் இறக்கும் ஆபத்து மற்ற மக்களைப் போல் 129 மடங்கு. காரணம் எளிது: உள்ளே இருந்தபோது உடலின் தாங்குசக்தி போய்விட்டது, கை பழைய அளவையே எடுக்கிறது. மருந்தில்லாமல் நச்சு நீக்கம் மட்டும் செய்து அனுப்பும் மையங்களிலிருந்து வருபவருக்கும் இதே கதி. பையை வாசலில் வைத்துக் கையில் கொடுங்கள்; "அலுவலகத்துக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்றால் வரமாட்டார்.

ஓபியாய்டு சார்புக்குச் சிகிச்சையாகத் தரும் மெத்தடோனும் புப்ரெனார்ஃபினும் 2005 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. இந்தச் சிகிச்சையில் நீடிப்பவர்களின் இறப்பு விகிதம் பாதிக்கும் கீழே இறங்குகிறது. ஆனால் மெத்தடோன் தொடங்கிய முதல் நான்கு வாரமும், சிகிச்சையை விட்ட முதல் நான்கு வாரமும் ஆபத்தானவை. ஒரு நாள் வராதவருக்கு மறுநாளே போன் செய்ய ஒரு ஆளை நியமியுங்கள். "ஒழுங்கீனம்" என்று சிகிச்சையிலிருந்து வெளியேற்றுவதைக் கூட்டாளி மையங்கள் நிறுத்த வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

சோதனைப் பட்டை

போதைப்பொருளைத் தண்ணீரில் கரைத்து முக்கிப் பார்க்கும் ஃபெண்டானில் பட்டையில் ஒரு கோடு என்றால் ஃபெண்டானில் இருக்கிறது, இரண்டு கோடு என்றால் தென்படவில்லை. கர்ப்பப் பரிசோதனைக்கு நேர் எதிர், அதனால்தான் தப்பாகப் படிக்கிறார்கள். பையின் மேலேயே பெரிதாக எழுதி ஒட்டுங்கள். மெத்தாம்ஃபெட்டமின், எம்டிஎம்ஏ என்ற ஊக்கப் போதைப்பொருள்களுக்குத் தண்ணீர் போதாவிட்டால் இல்லாததை இருப்பதாகக் காட்டும், 10 மி.கி.க்கு 5 மி.லி. தண்ணீர் வேண்டும். நிட்டாசீன்கள் என்ற வேறு வகைச் செயற்கை ஓபியாய்டுகளை இந்தப் பட்டை காட்டாது.

திடீர் ஏற்றம்

ஒரு வாரத்தில் வழக்கத்தைவிட எத்தனை ஓவர்டோஸ் ஆம்புலன்ஸ் அழைப்பு கூடினால் மணி அடிப்பது என்பதை முன்பே எழுதி வையுங்கள். அன்று விவாதிக்க நேரமிருக்காது. யார் யாரை 24 மணி நேரத்துக்குள் கூப்பிடுவது என்றும் எழுதுங்கள். எச்சரிக்கையில் "மிகவும் வீரியமான சரக்கு" என்று போடாதீர்கள், சிலர் அதைத் தேடிப் போவார்கள். தனியாக எடுக்காதீர்கள், கொஞ்சம் எடுத்துப் பார்த்து நிறுத்துங்கள், நலோக்சோன் பக்கத்தில் இருக்கட்டும்: இந்த மூன்றே போதும்.

எதை எண்ணுவது, எப்போது எண்ணுவது

ஓபியாய்டு ஓவர்டோஸ் இறப்பைக் குறைக்க அமெரிக்காவின் நான்கு மாநிலங்களில் 67 சமூகங்களை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2024இல் வந்தது. நடவடிக்கை எடுத்த சமூகங்களுக்கும் காத்திருந்த சமூகங்களுக்கும் இடையே இறப்பில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. தேர்ந்தெடுத்த 615 நடவடிக்கைகளில் இறப்பை ஒப்பிட்ட ஆண்டு தொடங்கியபோது 235தான் ஆரம்பித்திருந்தன. பணம் கொடுப்பவரிடம் முதல் வருடமே இறப்பைக் குறைத்துக் காட்டுவதாக வாக்குக் கொடுக்காதீர்கள். முதல் வருடத்துக்கு எண்ண வேண்டியவை: வெளியே போன பைகள், பயன்படுத்தியதாக வந்த மறுநிரப்புகள், சிறைவாசலில் பை வாங்கியவர்கள், ஆறு மாதம் கழித்தும் சிகிச்சையில் இருப்பவர்கள். பயிற்சி பெற்றவர்களின் எண்ணிக்கையை முதல் வரியில் போடாதீர்கள்.

மாதம் ஒருமுறை இறப்பு மறுஆய்வு நடத்துங்கள். மருத்துவமனை, சிறை, சமூகநலம், சிகிச்சை மையம், குழுவிலுள்ள அனுபவசாலிகள் ஒரே மேசையில் உட்கார வேண்டும். ஒரு கூட்டத்துக்கு ஒன்றிரண்டு மரணங்களுக்கு மேல் வேண்டாம். எல்லோரும் ரகசியக் காப்பு உறுதிமொழியில் கையெழுத்திட்ட பிறகே கோப்பைத் திறக்க வேண்டும். கடைசி முப்பது நாளில் எந்தெந்த வாசலைத் தொட்டார், அன்று பக்கத்தில் யார் இருந்தார், அவர் கையில் பை இருந்ததா என்று கேளுங்கள். ஒவ்வொரு பரிந்துரைக்கும் எதிரே பொறுப்பாளர் பெயரையும் தேதியையும் எழுதி, அடுத்த கூட்டத்தை அந்தப் பட்டியலிலிருந்தே தொடங்குங்கள்.