கம்பியில் குத்திய பழைய கடிதங்கள்

பரணில் பழைய கடிதக் கம்பி கிடக்கிறதா? அதில் குத்தியிருக்கும் இன்லண்டு கடிதங்களை மொத்தமாகப் பிடித்து உருவிவிடாதீர்கள். துரு காகிதத்தில் ஒட்டியிருக்கும், இழுத்தால் கிழிந்துவிடும். மேல் கொக்கியைக் கட்டிங் பிளேயரால் வெட்டிவிட்டு ஒவ்வொன்றாக எடுங்கள். தூசியை உலர்ந்த, மெல்லிய பிரஷ்ஷால் தட்டினால் போதும். ஈரத்துணி கிட்டவே வரக்கூடாது. மைப்பேனா எழுத்து கரைந்து ஓடிவிடும்.

மடிப்பு கிழிந்திருந்தால் செல்லோடேப் வேண்டாம். சில வருடங்களில் அந்தப் பசை மஞ்சளாகி, பிறகு பிரிக்கும்போது எழுத்தையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். லேமினேஷன் அதைவிட மோசம், ஒட்டியது ஒட்டியதுதான். விரித்துத் தட்டையாக, வெயில் படாத அலமாரியில் வையுங்கள்.

போனில் படம் எடுக்கும்போது ஃபிளாஷை அணைத்துவிட்டு ஜன்னலோரம் எடுங்கள். முகவரிப் பக்கத்தையும் எடுக்க வேண்டும். பலர் 'ஞாயிறு காலை' என்று மட்டும் எழுதியிருப்பார்கள். வருடம் தபால் முத்திரையில்தான் இருக்கும்.

ஒட்டுகிற மடிப்பையும் ஓரங்களையும் விட்டுவிடாதீர்கள். என் தாத்தா 'நலம், நலமறிய ஆவல்' முடிந்ததும் நேராக மாட்டு விலைக்குப் போய்விடுவார். பாட்டிக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல் என்ற செய்தி, இடமில்லாமல் ஓரத்தில் குறுக்கே நுணுக்கி எழுதிய வரியில் இருக்கும். கை நடுங்கியிருப்பது அந்த வரியில் மட்டும் தெரியும். வாட்ஸ்அப்பில் எல்லா வரியும் ஒரே அளவு எழுத்து.