போக்கரில் எந்தக் கை பெரிது?

ரம்மி ஆடத் தெரிந்தவருக்கு போக்கர் பாதி தெரிந்த மாதிரிதான். என் அக்கா மகளுக்கு நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று: பட்டியலை மனப்பாடம் செய்யாதே, அரிதாக வருவதுதான் பெரிய கை. கை என்றால் ஐந்து சீட்டு சேர்ந்த தொகுப்பு.

52 சீட்டிலிருந்து ஐந்தை எடுக்க 25,98,960 வழிகள் உண்டு. அதில் பாதிக்கு எதுவுமே சேராது, அதுதான் கடைசி. அதற்கு மேல் ஒரு ஜோடி, இரண்டு ஜோடி, ஒரே எண்ணில் மூன்று. அப்புறம் ஸ்ட்ரெய்ட், அதாவது 5, 6, 7, 8, 9 போல வரிசையாக ஐந்து. அதற்கு மேல் ஃபிளஷ்: ஐந்தும் ஸ்பேட், இல்லை ஐந்தும் ஆர்ட்டின். பிறகு மூன்றும் ஜோடியும் சேர்ந்த ஃபுல் ஹவுஸ், ஒரே எண்ணில் நான்கு, ஒரே வகையில் வரிசையாக வரும் ஸ்ட்ரெய்ட் ஃபிளஷ். பத்திலிருந்து ஏஸ் வரை ஒரே வகையில் வந்தால் ராயல் ஃபிளஷ், மொத்தமே நான்குதான்.

மூணு சீட்டு ஆடிப் பழகியவர்கள் தடுமாறுவது ஸ்ட்ரெய்ட்டிலும் ஃபிளஷிலும். அங்கே வரிசைதான் கலரை, அதாவது ஒரே வகையில் வரும் மூன்றை, வெல்லும். மூன்று சீட்டில் வரிசை 720 வழிகளிலும் கலர் 1,096 வழிகளிலும் வரும், அதனால் வரிசை அரிது. ஐந்து சீட்டில் ஸ்ட்ரெய்ட் 10,200, ஃபிளஷ் 5,108. கணக்கு திரும்பிவிட்டது, மதிப்பும் திரும்பிவிட்டது. எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

டெக்சஸ் ஹோல்டெம் என்ற போக்கர் ஆட்டத்தில் கையில் இரண்டு, நடுவில் பொதுவாக ஐந்து. ஏழில் சிறந்த ஐந்துதான் கணக்கு. நடுவில் ஏஸ், ராஜா, ராணி, 9, 4 கலந்த வகைகளில் கிடக்கின்றன என்று வையுங்கள். உங்களிடம் ஏஸும் 6-ம், எதிரில் ஏஸும் 5-ம். 6 பெரிது என்று கை நீட்டாதீர்கள். இருவருக்கும் சிறந்த ஐந்து ஏஸ் ஜோடி, ராஜா, ராணி, 9. நடுவில் சேர்ந்த பந்தயத்தைச் சரிபாதியாகப் பிரிக்க வேண்டியதுதான். உங்களிடம் 6-க்குப் பதில் ஜாக்கி இருந்தால் அது 9-ஐ இறக்கிவிட்டு உள்ளே வரும், ஆட்டம் உங்களுடையது.

ஏஸ் 2, 3, 4, 5-க்குக் கீழேயும் நிற்கும். ஆனால் ராணி, ராஜா, ஏஸ், 2, 3 என்று சுற்றி வராது. ஸ்பேட், டைமண்ட் எல்லாம் சமம்.

காசு வேண்டாம், புளியங்கொட்டை போதும். ஏழு சீட்டைத் திறந்து வைத்து, சிறந்த ஐந்தை யார் முதலில் எடுக்கிறார் என்று பாருங்கள்.