பீரங்கிக் குழல் தேயாமல், வாய் நெருப்பு காட்டிக்கொடுக்காமல் சுட

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ், இந்தியப் படைகள் இழுத்துக்கொண்டு அலைந்த 25 பவுண்டர் பீரங்கியை வைத்தே சொல்கிறேன். குழல் தேய்வதற்கும் வாயில் நெருப்பு தெறிப்பதற்கும் மூலகாரணம் ஒன்றுதான்: சூடு.

அதனால் முதலில் மருந்தை, அதாவது குண்டைத் தள்ளும் வெடிமருந்தை, குறையுங்கள். அதன் பித்தளைத் தோட்டாவுக்குள் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மூன்று துணிப் பைகளில் மருந்து இருக்கும். நீலத்தை உருவினால் இரண்டாம் சார்ஜ் (சார்ஜ் என்றால் மருந்தின் அளவுப் படி), வெள்ளையையும் உருவினால் முதல் சார்ஜ், அவ்வளவுதான். இலக்கை எட்ட எது போதுமோ அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சூப்பர் சார்ஜ் என்ற உச்ச அளவு மருந்தைப் போட்டால் 13,400 கெஜம் போகும், ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் குழலைத் தின்பதும் அதுதான், சார்ஜ் ஒரு படி ஏறினால் தேய்மானம் பல படி தாவும். எனவே பீரங்கியின் கணக்குப் புத்தகத்தில் எத்தனை குண்டு என்பதோடு எந்தச் சார்ஜ் என்பதையும் எழுதி வையுங்கள்.

அதிகம் தேய்வது வாய்ப்பக்கம் இல்லை, குண்டு உட்காரும் இடத்தைத் தாண்டி, குண்டைச் சுழலவைக்கக் குழலின் உட்சுவரில் வெட்டிய சுருள் பள்ளம் தொடங்குமே, அங்கேதான். அங்கே அகன்றுவிட்டால் வாயு கசியும், வேகம் குறையும், குண்டு முன்னாலேயே விழும். 1918-இல் பாரிசைச் சுட்ட ஜெர்மன் பீரங்கியில் இந்தக் கூத்து உச்சத்துக்குப் போனது: ஒவ்வொரு சுடலுக்கும் குழல் அகன்றதால், குண்டுகளையும் சற்றுச் சற்றுப் பருமனாக்கி, எண் போட்டு, வரிசை மாறாமல் சுட்டார்கள்!

கொதிக்கும் குழலில் விடாமல் சுடாதீர்கள், ஆறவிடுங்கள். முடிந்ததும் கழுவித் துடைத்து எண்ணெய் பூசுங்கள், சோம்பல் வேண்டாம்.

சரி, நெருப்புக்கு வருவோம். பெரிய பளிச்சொளி குழலுக்குள் எரிவதால் வருவதில்லை. வெளியே வரும் ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் காற்றைத் தொட்டு மறுபடி பற்றுவதால் வருவது. ராத்திரியில் எதிரி இரண்டு மூன்று இடங்களிலிருந்து அதன் திசையைக் குறித்தால் போதும், கோடுகள் வெட்டும் இடத்தில் நீங்கள் இருப்பீர்கள். வாயில் மாட்டும் மஸில் பிரேக் இதை அடக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை, அது பின்னுதைப்பைக் குறைக்கத்தான். நைட்ரோகுவானிடின் என்ற வேதிப்பொருள் கலந்த மருந்து கிடைத்தால் அதை எடுங்கள், குளிர்ச்சியாக எரியும், நெருப்பும் தேய்மானமும் சேர்ந்தே குறையும். அப்புறம் பொட்டாசியம் உப்பு. அது மறுபற்றலைத் தடுக்கும், ஆனால் புகை கிளப்பும். பகலில் அந்தப் புகையே காட்டிக்கொடுத்துவிடும், ஆகவே உப்புப் பையை இருட்டிய பிறகு மட்டும் சேருங்கள்.